ஆலங்காட்டில் இரண்டு பேய்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் மணவூரில் இறங்கினேன். சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே மின்சார ரயிலில் போகிறவர்கள் இந்த ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பார்த்த மறுகணம் மறந்தும் இருப்பார்கள். பக்கத்து நிலையம் திருவாலங்காடு. மணவூரில் என் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறாள். அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அந்த இரண்டு நாளில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அது இலக்கியக் கேள்விதான் என்றாலும், கேட்டவளுக்கு இலக்கியத்தில் அக்கறை கிடையாது.

அக்காவின் பெண்ணுக்கு இருபத்தேழு வயது. படித்தவள், திருவள்ளூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மூன்று வருஷமாக வரன் பார்க்கிறார்கள். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நிறம் போதாது என்று ஒரு வீட்டார். முன்பல் எடுப்பு என்று இன்னொரு வீட்டார். காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் மற்றவர்கள். கூடத்தில் இருந்த நிலைக்கண்ணாடியின் மேல் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மடித்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் தொங்கியது.

“துணி உலர்த்த வேறு இடமில்லையா அம்மா?” என்றேன்.

“உலர்த்தவில்லை மாமா. என் முகத்தைப் பார்த்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. விடிந்ததும் அந்தப் பேயை வேறு பார்க்க வேண்டுமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்புக்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூன்று பேருமாக ஆலங்காட்டுக்குப் போனோம். ஐந்து சபைகளுள் ரத்தினசபை அது. காளியோடு போட்டியிட்டு, காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடிய நடராஜர். அந்த ஆட்டத்தின் அடியில் என்றும் இருந்து பாடுகிறவர் என்று போற்றப்படும் காரைக்கால் அம்மையார். வற்றிய உடம்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்:

“அழகாகப் பிறந்தவள், அழகு வேண்டாம் என்று பேயானாளாமே. அவளுக்கும் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதா மாமா?”

“கோயிலில் பேசுகிற பேச்சா இது?” என்று அக்கா அதட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. பதில் தெரிந்திருந்தால் அல்லவா திறப்பதற்கு?

பதிலைத் தேடிப் போவதற்கு முன், என் தொழிலில் நான் செய்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். கதாநாயகியைக் கணவன் ஒதுக்கிவிடுகிறான். ‘நான் அவருக்குத் தகுதியில்லாதவள்’ என்று அவள் முடிவு கட்டிக்கொள்கிறாள். அவனுக்கு வேறு கல்யாணம் நடக்கத் தானே வழி செய்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மெலிந்து செத்துப்போகிறாள். கடிதங்கள் குவிந்தன. தியாகச் சுடர் என்றார்கள். கண்ணீர் விட்டோம் என்றார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு கடிதம் மட்டும் ஒரு வரியில் வந்திருந்தது: ‘அவளுக்கு ஒரு தடவைகூடக் கோபம் வராதது ஏன்?’ அதற்கு நான் பதில் எழுதவில்லை. தன்னையே வெறுத்துக்கொண்டு சாகும் ஒரு பெண்ணைப் படைத்து, அந்த வெறுப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டிக் காசாக்கியவன் நான். அந்தத் துண்டு போர்த்திய கண்ணாடியைப் பார்த்தபோது, அதில் என் கையும் கொஞ்சம் இருப்பதாகத் தோன்றியது.

நிற்க. அம்மையாரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்த கதையைத்தான் நாம் ஊன்றிப் படிப்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லுகிறபடி சுருக்கிப் பார்க்கலாம். காரைக்காலில் வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதி, பரமதத்தனுக்கு மனைவியாகிறாள். அவன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்குச் சோற்றோடு படைத்துவிடுகிறாள். மற்றொன்றைச் சாப்பிட்ட கணவன், ருசியில் மயங்கி இன்னொன்றும் கேட்கிறான். உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே, ஏது இது என்கிறான் அவன். உண்மையைச் சொல்கிறாள். ‘அப்படியானால் இன்னொன்று வரவழை’ என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் பட்டதும் மறைகிறது. பரமதத்தன் நடுங்கிப்போகிறான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை அவளிடம் சொல்லாமலே ஒதுங்கி வாழ்ந்து, பிறகு கப்பலேறிப் போய்விடுகிறான். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். செய்தி தெரிந்த சுற்றத்தார் மனைவியைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு போய் அவன் முன் நிறுத்துகிறார்கள். அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான்.

இந்த இடத்தில்தான் புனிதவதி வேண்டுகிறாள்: இவனுக்காகச் சுமந்த இந்த அழகுத் தசையைக் கழற்றிவிட்டு, உன்னைச் சூழ்ந்திருக்கும் பேய்களின் வடிவம் எனக்குக் கொடு என்று. தசை உதிர்கிறது. எலும்புக் கூடு நிற்கிறது. சுற்றத்தார் அஞ்சி வணங்கிவிட்டு நகர்கிறார்கள்.

கதையை இப்படிப் படித்தால், என் மருமகள் கேட்டது நியாயமான கேள்விதான். கணவனுக்கு வேண்டாத உடம்பு எனக்கு எதற்கு என்று ஒரு பெண் சொன்னால், அதில் மனக்கசப்பு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? உடம்பின் விலையைக் கணவனின் கண்தான் நிர்ணயிக்கிறது என்ற எண்ணம் அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. வரன் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போனதும் கண்ணாடிக்குத் துண்டு போர்த்துவதும் இதே கணக்குத்தானே? சேக்கிழார் மகாகவி. ஆனால் மகாகவி எழுதினார் என்பதற்காக இந்தக் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பரமதத்தன் புனிதவதியை இகழவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. காலில் விழுகிறான்; மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான். ஒரு மனிதப் பிறவியை ஒதுக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. காலால் தள்ளுவது ஒன்று. பீடத்தில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது இன்னொன்று. இரண்டாவதற்கு உள்ளானவளுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட உரிமை இல்லாமல் போகிறது. ‘உன்னை மரியாதையாகத்தானே நடத்துகிறோம்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டு வாயடைத்துப்போன பெண்கள் இந்த இடத்தைப் படித்தால் நான் சொல்வது புரியும்.

இவ்வளவும் சேக்கிழார் சொன்ன கதை. ஆனால் அம்மையார் வெறும் கதாபாத்திரம் இல்லையே! அவரே ஒரு கவி. சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பது பலர் கருத்து. அற்புதத் திருவந்தாதியில் நூற்றொரு வெண்பா, இரட்டை மணிமாலையில் இருபது பாட்டு, ஆலங்காட்டைப் பற்றிப் பதிகம் இரண்டு. ஆக 143 பாடல்கள் பதினோராந் திருமுறையில் இருக்கின்றன. ஊர் திரும்பியதும் அவற்றை முதலிலிருந்து படித்தேன். ஒரு நாவலாசிரியன் எப்படிப் படிப்பானோ அப்படிப் படித்தேன்: இந்தக் குரலுக்குரியவள் எப்படிப்பட்டவள் என்று தேடிக்கொண்டு.

முதல் ஆச்சரியம், அவற்றில் பரமதத்தன் இல்லை. மாங்கனி இல்லை, கப்பல் இல்லை, சிவிகை இல்லை. கைவிடப்பட்ட மனைவி ஒருத்தி பேசுகிறாள் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. பிறந்து பேச்சுப் பழகிய நாள் முதல் உன்மேல் அன்பு வைத்தவள் நான் என்று தொடங்குகிறார். அடுத்த பாட்டில், அவன் என் துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் என் நெஞ்சின் அன்பு அவனை விட்டு நீங்காது என்கிறார். இதைக் கெஞ்சல் என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளி ஏற்றுக்கொண்டால்தான் என் அன்புக்கு மதிப்பு என்று நினைக்கிறவள் இப்படிப் பேச முடியாது. இது சொந்தக் காலில் நிற்கும் அன்பு.

சில பாட்டுக்களைத் தாண்டினால் இதைவிடத் துணிவான ஒன்று வருகிறது. தவப்பேறு தமக்கே வாய்த்தது என்கிறார். தம் மனத்தைப் பார்த்து, இதுவல்லவா நல்ல மனம் என்று பாராட்டிக்கொள்கிறார். நம் பக்தி இலக்கியத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்பதைக் கவனிக்க வேண்டும். மாணிக்கவாசகர் திருவாசகம் நெடுகத் தம்மை நாய் என்று சொல்லிக்கொள்கிறார். பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாடல்கள் உடம்பைப் புழுக்கூடு என்று உமிழ்கின்றன. அடியார் தம்மைத் தாழ்த்திக்கொள்வதற்கு வைஷ்ணவர்கள் நைச்சியம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதை நான் தவறு சொல்லவில்லை. மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதில்லை. உடனே தலைவனின் பெருமைக்குத் தாவிவிடுகிறார். தன்னை வெறுக்கிறவனுக்குத்தான் தன்னைத் தவிர வேறு பொருளே கிடைப்பதில்லை. நைச்சியத்துக்கும் தன்வெறுப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது என் கட்சி. தன்னைத் தாழ்த்திக்கொள்கிறவன் கண்ணாடியை விட்டு வெளியே வந்துவிடுகிறான்; தன்னை வெறுக்கிறவன் கண்ணாடியின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, அதன் முன்னாலேயே நிற்கிறான்.

மூன்றாவதாக, அம்மையாருக்கு விளையாட்டுப் பேச்சு வருகிறது. பிச்சைக்குப் போகும் சிவனைப் பார்த்துச் சொல்கிறார்: உலகமெல்லாம் போய் இரந்துகொள், ஆனால் அந்தப் பாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. இல்லாவிட்டால் பெண்கள் பயந்துகொண்டு பிச்சை போட வரமாட்டார்கள்! கடவுளிடமே இந்தக் குறும்பு. தன்னைக் கண்டு கூசுகிறவளுக்கு இந்தச் சுவாதீனம் வருமா?

இனி அந்தப் பேய்க்கு வருகிறேன். ஆலங்காட்டுப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேய் வருகிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, செம்பட்டைத் தலை, நீண்ட கோரைப்பல், உயர்ந்த கணுக்கால். காட்டில் அலறிக்கொண்டு திரிகிறது. அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகிறான். இதை அம்மையார் தம்மைத்தாமே வரைந்துகொண்ட சித்திரம் என்று சொல்வார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். எனக்குத் தொழில் முறையில் ஒரு விஷயம் தெரியும்: வெறுக்கிற பொருளை இவ்வளவு நிதானமாகப் பார்த்து எழுத முடியாது. வெறுப்பு அவசரப்படும், ‘சீ’ என்ற ஒரு சொல்லில் முடித்துக்கொள்ளும். கணுக்கால் வரை பார்க்கிறவள், தன் கண்ணைத் திருப்பிக்கொள்ளாதவள். அழகு என்று ஊர் சொன்னதற்கு நேர்மாறான உருவத்தை அங்கம் அங்கமாகப் பார்த்து, இதுவும் அவன் ஆடுகிற இடத்தில் இருக்கிறது என்று முடிக்கிறார். பதிகத்தின் இறுதியில் தம் பெயரைப் பொறிக்கும்போது, காரைக்கால் பேய் என்றே பொறிக்கிறார்.

பேய் என்பது நம் வீடுகளில் பெண்களை ஏசுகிற சொல். தலை வாராமல் வந்தால் பேய், உரக்கச் சிரித்தால் பேய், இரவில் விழித்திருந்தால் பேய். அடுத்தவர் வாயில் வசையாக இருந்த சொல்லை எடுத்துத் தம் முத்திரையாக்கிக்கொண்டார் இந்த அம்மாள். அந்த மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் மருமகளும் தன்னைப் பேய் என்றாள், அம்மையாரும் என்றார். ஒருத்தி பிறர் சொன்ன தீர்ப்பைத் திருப்பிச் சொல்கிறாள். மற்றவர் தாமே தேர்ந்துகொண்ட பெயரைச் சொல்கிறார்.

இதை யோசித்துக்கொண்டு பெரிய புராணத்துக்குத் திரும்பினேன். முன்பு கவனிக்காத ஓரிடம் அப்போது கண்ணில் பட்டது. தலையால் நடந்து கயிலைக்கு வருகிற எலும்புருவத்தைக் கண்டு, யார் இது என்று உமை கேட்கிறாள். இவள் நம்மைப் பேணும் அம்மை. பெருமை பொருந்திய இந்த வடிவத்தைத் தானே வேண்டிப் பெற்றாள் என்று சிவன் விடை சொல்கிறான். பெருமை பொருந்திய வடிவம்! தசைச் சுமை கணவனுக்காக என்று அவளைப் பேசவிட்ட சேக்கிழாரே, இந்த இடத்தில் வேறொரு நியாயத்தைப் பேசிவிடுகிறார். நான் அவசரப்பட்டு அவரோடு வழக்குப் பிடித்தது முழுவதும் சரியில்லை. கதையின் நடுவில் கணவன் கண்ணால் அளக்கப்பட்டவள், முடிவில் அந்த அளவுகோலுக்கு வெளியே போய்விடுகிறாள். நம் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனியிலும் அப்படித்தான். எலும்புடம்போடு, தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஆலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. அவளைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ஆலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி அவள். கதை பலவிதமாக வழங்குகிறது. கணவனால் கொலையுண்ட ஒரு பெண், பேயாகி அவனைத் தொடர்கிறாள், மறுபிறவியிலும் விடவில்லை. கையில் குழந்தையோடு மனைவி வேஷத்தில் வந்து, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில் அழுது, இவன் என் கணவன், என்னோடு சேர்த்து வையுங்கள் என்கிறாள். அவன் உயிருக்கு நாங்கள் ஜாமீன் என்று எழுபது பேரும் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவனைக் கொன்றுவிடுகிறாள். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். தமிழில் ‘நீலிக் கண்ணீர்’ என்ற வழக்கு இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். நாம் அவள் கண்ணீர் பொய் என்பதை நினைவில் வைத்துக்கொண்டோம். அவள் கொலையுண்டவள் என்பதை மறந்துவிட்டோம்.

எனக்கு வந்த ஒற்றை வரிக் கடிதம் நீலியின் கட்சி. ‘ஏன் கோபம் வரவில்லை?’ கோபம் வருவது நல்லதுதான். தன்மேல் பாய்கிற வெறுப்பை, வர வேண்டிய திசைக்குத் திருப்பிவிடுகிறது. 1925-இல் ஈ.வெ.ரா. தொடங்கிய இயக்கம் சுயமரியாதை என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தபோது சொன்னதும் இதுதான்: நீ தாழ்ந்தவன் என்ற எண்ணம் உன்னோடு பிறந்த மச்சம் இல்லை, யாரோ உனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை மறக்கக் கொஞ்சம் கோபம் தேவை. ஆனால் நீலிக்குக் கணவனைத் தவிர வேறு நினைப்பில்லை. செத்த பிறகும், மறுபிறவியிலும் அவன் பின்னாலேயே போகிறாள். அவனைக் கொன்ற பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தன்னை வெறுப்பவளும் சரி, நீலியும் சரி, வாழ்நாள் முழுவதையும் தங்களை ஒதுக்கியவனுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது பழங்கதைக்கு மட்டும் பொருந்துகிற விசாரணையா? நம் காலத்துச் சிறுகதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாப விமோசன’த்தில் அகலிகை கல்லிலிருந்து மீண்டு வருகிறாள். ஊர்ப் பார்வை அவளை மறுபடியும் குத்துகிறது. ஆனாலும் ராமன் தன்னைக் குற்றமற்றவள் என்று சொன்னான் என்ற ஒரே ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறாள். பிறகு, அந்த ராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். ஆதாரம் சரிகிறது. மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இந்தக் கதையை ராமன்மேல் வைத்த குற்றச்சாட்டாகவே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இன்னொன்றும் படுகிறது. ஒருவர் கொடுத்த மன்னிப்பில் மட்டும் கட்டிய தன்மதிப்பு, அவர் வார்த்தை மாறினால் இடிந்துபோகும். மன்னிக்கிறவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் சரிதான்.

அதற்கு அடுத்த படி ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய சர்ச்சையைக் கிளப்பிய கதை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, காரில் வந்தவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும் தன்னைச் சமாளித்துக்கொண்டு உண்மையை மறைக்கிறாள். பிறகு மகளைக் குளிக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தண்ணீரில் சாஸ்திரம் இருக்கிறதா என்று அன்று சண்டை போட்டார்கள். சாஸ்திரம் இல்லாமல் இருக்கலாம். மகளின் மனத்தில் வெறுப்பு வேர் பிடிக்குமுன் அவள் அதைக் கழுவிவிட்டாள் என்பதுதான் விஷயம்.

அப்படிக் கழுவாவிட்டால் என்ன ஆகும்? அதையும் ஜெயகாந்தனே எழுதினார். 1970-இல் புத்தகமாக வந்து, 1972-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். அங்கே தாய் அடக்கிக்கொள்ளவில்லை, ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா படிக்க வைக்கிறார். படிக்க வைத்த உரிமையில் அத்துமீறவும் பார்க்கிறார். உனக்கு இனி மனைவி ஸ்தானம் கிடையாது என்றும் சொல்கிறார். கங்கா படித்து, உத்தியோகம் பார்த்து, கௌரவமாக வாழ்கிறாள். ஆனால் மாமாவின் அந்தச் சொல்லை அவள் மனம் மறுக்கவில்லை. அதனால்தான் தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போகிறாள். வெளியே சம்பளமும் பதவியும் உயர்ந்துகொண்டே போனாலும், உள்ளே இருக்கிற தீர்ப்பு ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. பெண்ணைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பிவிட்டால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நினைக்கிற நம் போன்ற குடும்பஸ்தர்கள் இந்த நாவலை மறுபடியும் ஒருமுறை படிக்கலாம். இரண்டு தாய்மாருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு குடம் தண்ணீர்தான்.

இந்த விஷயங்களில் பாதியை, அன்று சாயங்காலமே மணவூர்த் திண்ணையில் உட்கார்ந்து என் மருமகளிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மையார் தன்னை வெறுத்தவர் இல்லை, பிறர் கண்ணால் தன்னைப் பார்ப்பதை நிறுத்தியவர் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவளுக்குப் பாட வந்தது மாமா. எனக்கு என்ன வருகிறது?” என்றாள்.

விமரிசகர்கள் இப்படிப்பட்ட கேள்விக்குப் பழகியவர்கள் அல்ல. எல்லாரும் அந்தாதி பாட முடியாது; கயிலைக்குத் தலையால் நடக்கவும் முடியாது. மேதைகள் தப்பித்த வழியைச் சொல்லிச் சாதாரண மனிதர்களைத் தேற்றுவது, பசித்தவனுக்கு விருந்தின் வர்ணனையைப் படித்துக் காட்டுவது போலத்தான். ‘நீயும் அழகிதான்’ என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் நானும் வரன் பார்க்க வந்தவர்களின் தராசையே கையில் எடுத்துக்கொண்டவனாவேன். முள்ளை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறேன், அவ்வளவுதான். வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். கம்பெனியில் என்ன செய்கிறாய் என்றேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மற்றவர்கள் இரண்டு நாள் தேடியும் அகப்படாத ஒரு வித்தியாசத்தைத் தான் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்ததைச் சொன்னாள். சொல்லும்போது கையால் காற்றில் பத்தி பத்தியாகக் கோடு போட்டாள். கால்மணி நேரம் பேசினாள். அந்தக் கால்மணி நேரமும் அவளுக்குத் தன் முகத்தின் ஞாபகமே இல்லை. அம்மையாருக்கு ஆட்டம் கிடைத்த மாதிரி இவளுக்கு ஐந்தொகை என்று சொன்னால் சைவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருக்கவும் எனக்கு மனமில்லை.

இதற்குள் அக்கா சமையலறை வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். பெண் உள்ளே போன பிறகு தணிந்த குரலில், “நான்கூட அவளைப் பேய், மூதேவி என்று திட்டிக்கொண்டிருக்கிறேன்டா தம்பி. வாய்ப் பழக்கம்” என்றாள். அந்தப் பழக்கத்தை விடு என்றேன். இனிமேல் வரன் வீட்டார் வந்தால், போட்டோவும் ஜாதகமும் ஒத்துக்கொண்ட பிறகு வரச் சொல், பலகாரத்தோடு பெண்ணையும் தட்டில் வைக்காதே என்றேன். இன்னொன்றும் சொன்னேன். தன்மேல் உள்ள வெறுப்பு முற்றிச் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, இருந்து என்ன பயன் என்று அவள் பேசத் தொடங்கினால், அதற்குக் கதையும் கட்டுரையும் மருந்தாகாது. வெட்கப்படாமல் மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது பார்த்தேன். கண்ணாடி மேல் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலப் பேச்சில் அது விழுந்துவிடும் என்று எதிர்பார்க்கிற ஆசை என் பழைய தொடர்கதைக்காரனுக்குத்தான் வரும். வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு அவள்தான் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். வண்டி வருகிற சத்தம் கேட்டபோது, “பாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிச்சைக்குப் போ என்றாளே, அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது மாமா?” என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்றேன்.

அற்புதத் திருவந்தாதியை உரையோடு அனுப்பிவிட்டேன். என்னுடைய அந்தத் தொடர்கதையும் அங்கே ஒரு பிரதி இருக்கிறதாம்; அதைப் படிக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்.